அணைத்து வைத்த லேப்டாப்பின் சத்தம்

நான் பழுது பார்த்துக் கொடுத்த மெஷின்களைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து உட்கார்ந்திருப்பீர்கள். உண்மையைச் சொன்னால் அவற்றில் பாதிக்கு மேல் எனக்கே மறந்துவிட்டது. மறக்காமல் இருப்பது ஒரு லேப்டாப். அதை நான் சரி செய்யவில்லை. அதில் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. ஆனாலும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

திருப்பூரில் இருபத்தேழு வருடம் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்தேன். கடை என்று பெயருக்கு ஓர் அறை இருந்தது. வேலை எல்லாம் வெளியே, பனியன் கம்பெனிகளில். ஆரம்ப காலத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பையோடு உள்ளே போனால், எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். "ஆம்பளையாளு யாரும் வரலீங்களா?" என்று கேட்பார்கள். மரியாதையாகத்தான் கேட்பார்கள், ஆனால் கேட்பார்கள். அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. அவர்கள் கோளாறைச் சொல்லி முடிப்பதற்குள் நான் பதிலைச் சொல்லிவிடுவேன். தெரிந்தவள் என்று காட்ட அதுதான் சுருக்கு வழி. பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. போகப் போக, "அக்கா ஃபோன்லயே சொல்லிப்போடுவாங்க" என்று பெயர் கிடைத்தது. அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அதிலும் லேப்டாப்பில் சத்தம் என்றால் எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. நம் ஊர்க் காற்றிலேயே பஞ்சு பறக்கிறது. நூலிலிருந்தும் துணியிலிருந்தும் கிளம்புகிற அந்தத் தூசு, லேப்டாப்புக்குள் போய் ஃபேனைச் சுற்றிக்கொள்ளும். பிரித்தால் உள்ளே ஒரு சின்னத் தலையணை இருக்கும். பத்துச் சத்தத்தில் ஒன்பது அதுதான். அந்தப் பத்தாவதைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

மண்ணரையில் ஒரு கம்பெனி. குழந்தைகள் உடுப்பு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். அங்கே கலாமணி என்று ஒரு பெண், பேட்டர்ன் போடுகிற வேலையில் இருந்தாள். உடம்பு, கை, கழுத்து என்று ஒவ்வொரு துண்டின் வடிவத்தையும் ஒவ்வொரு சைஸுக்கும் கம்ப்யூட்டரில் வரைவாள். அவள் வரைந்ததைப் பார்த்துத்தான் துணியை வெட்டுவார்கள். மூலனூர்ப் பக்கத்திலிருந்து டெய்லராக வந்தவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடுத்தவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தே கம்ப்யூட்டரைக் கற்றுக்கொண்டவள். மெதுவாகப் பேசுவாள். எதைச் சொன்னாலும் முதலிலிருந்து சொல்வாள். எனக்குப் பொறுமை இருக்காது.

அன்றைக்கு நான் ஊத்துக்குளியில் ஒரு நெய்க் கடையில் இருந்தேன். சித்திரை வெயில். பில் போடுகிற கம்ப்யூட்டர் உயிர் வர மாட்டேன் என்கிறது. கடைக்காரர் என் முதுகுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுகிறார். மணி பதினொன்றே முக்கால் இருக்கும். கலாமணி கூப்பிட்டாள். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"அக்கா, லேப்டாப்புல ஒரு சத்தம் வருதுங்க."

"கர்ருங்குதா?"

"இல்லீங்க அக்கா. நெட்டி முறிக்கற மாதிரி. டொக்குன்னு ஒன்னு. அப்புறம் ரொம்ப நேரத்துக்கு ஒன்னும் இல்லீங்க. மறுக்கா ஒன்னு. திங்கக்கெழமையே ஆரம்பிச்சுதுங்க, நாங்கூட மேசைதான்னு..."

"பஞ்சு சிக்கியிருக்கும் கண்ணு. ஆஃப் பண்ணிப்போட்டு ஏர் கன்ல ஊதி விடு."

"ஆஃப் பண்ணித்தானுங்க இருந்துச்சு, டீக்குப் போறப்ப. அப்பவும்..."

"சரி, ஊதி விடு. நான் சாயங்காலம் வர்றேன்."

"அப்புறம் அந்தத் தேய்க்கற எடம் இருக்குதில்லீங்க, அது அமுங்க மாட்டேங்குதுங்க."

"மவுஸ் போட்டுக்க."

"மூடியும் சரியா உக்கார மாட்டேங்குதுங்க அக்கா. ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது."

"கிளிப் கழண்டிருக்கும். மூடி வெச்சு மேல கனமா எதாச்சும் வெய்யி. தானா உக்காந்துக்கும். சார்ஜ்ல போட்டு வெய்யி, நான் வந்தா பாக்கறதுக்கு ஆகும்."

"சரிங்க அக்கா."

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு நிமிடம்கூட இருக்காது. அவள் மூன்று விஷயம் சொன்னாள். மூன்றுக்கும் தனித்தனியாக மூன்று பதில் சொன்னேன். மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. உங்களில் யாராவது இதற்குள் கண்டுபிடித்திருந்தால் நல்லது. எனக்கு அதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் ஆனது.

நெய்க் கடைக் கம்ப்யூட்டருக்கு உயிர் வந்தது. கடைக்காரர் மோர் கொடுத்தார். வாசலில் நின்று குடித்துக்கொண்டிருந்தேன். கழுவிக் கவிழ்த்த காலித் தகர டின்களை வெயிலில் அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் ஒன்று 'டொக்' என்றது. பக்கத்தில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டின் 'டொக்' என்றது.

"என்னங்க சத்தம்?" என்று கேட்டேன்.

"வெயில்ல தகரம் உப்புதுங்க. சாயங்காலம் ஆனா அதுவா அடங்கிரும்" என்றார் அவர்.

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். 'ஆஃப் பண்ணித்தானுங்க இருந்துச்சு.' அவள் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. ஆமாம், அப்போதுதான்.

அணைத்து வைத்த லேப்டாப்பில் ஃபேன் சுற்றாது. ஹார்ட் டிஸ்க் சுற்றாது. சத்தம் போடுவதற்கு உள்ளே ஒன்றுமே கிடையாது, பேட்டரி உப்பினால் தவிர. அது உப்பும்போது மேலே இருக்கிற தகட்டைத் தள்ளும். விரல் தேய்க்கிற இடம் அடியிலிருந்து முட்டிக்கொண்டு அமுங்காமல் போகும். மூடி உட்காராது. உடம்பைப் பிடித்திருக்கிற கிளிப்புகள் ஒவ்வொன்றாக விட்டுப்போகும். நெட்டி முறிக்கிற சத்தம் அதுதான். அப்படி உப்பி நிற்கிற ஒன்றின் மேல் கனம் வைத்து அழுத்தச் சொல்லியிருக்கிறேன். சார்ஜிலும் போடச் சொல்லியிருக்கிறேன். அது இருக்கிற இடம் கட்டிங் செக்‌ஷன். சுற்றிலும் துணி.

கலாமணிக்கு அடித்தேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மெஷின் சத்தத்தில் அங்கே எப்போதும் கேட்காது. பையில் போட்டு வைத்திருப்பாள். மறுபடி அடித்தேன். கம்பெனி முதலாளிக்கு அடித்தேன், கட் செய்தார். கடைக்காரர் ஏதோ கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்று தெரியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துவிட்டேன்.

ஊத்துக்குளி ரோட்டில் நேராக வந்தால் மண்ணரை. அரைமணி நேர வழி. எத்தனையோ முறை போன ரோடு. அன்றைக்கு அது நீண்டுகொண்டே போனது. அந்தக் கட்டடம் என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. கட்டிங் செக்‌ஷன் முதல் மாடியில். அதற்கு மேல் மாடியில் தையல், எண்பது பேராவது இருப்பார்கள். இறங்க ஒரே படிக்கட்டு. அதிலும் இரண்டு ஓரமும் துணிக்கட்டு அடுக்கியிருக்கும். சுவரிலும் ஃபேனிலும் பஞ்சு படிந்து தொங்கும். பஞ்சில் நெருப்புப் பட்டால் எரியாது, ஓடும். நீங்கள் இந்த ஊர்க்காரர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். லாரி, பஸ், வேன் எல்லாவற்றையும் தாண்டி முன்னால் போய் நின்று முதலாளிக்கு மறுபடி அடித்தேன். இந்தத் தடவை எடுத்தார்.

"அக்கா, வெளிநாட்டுப் பையரோட ஆளு வந்திருக்காருங்க. இன்ஸ்பெக்‌ஷன் போயிட்டிருக்குது. சாயங்காலம் பேசறனுங்க."

"ஒரு நிமிசங்க. கலாமணி ரூம்ல லேப்டாப் இருக்குதில்லீங்க, அந்தச் சார்ஜரைப் பிடுங்கச் சொல்லுங்க. அதை யாரும் தொட வேண்டாம்."

"பிடுங்கோணுமா, தொடக்கூடாதாங்க அக்கா?"

"பிளக்கை மட்டும்..."

ரயில் வந்துவிட்டது. அது போய் முடிகிறபோது லைனும் போயிருந்தது.

இதைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். 'தீப்பிடிக்கும், ஆளுகளை இறக்குங்க' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வார்த்தை வாய் வரை வந்தது. வெளிநாட்டுக்காரனுடைய ஆள் இருக்கும்போது எண்பது பேரைக் கீழே இறக்கி, கடைசியில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால்? பயந்த பொம்பளை என்று ஆகிவிட்டால்? அதற்கும் மேலே, 'ஏன் உப்புச்சு, யாரு கனத்தை வெக்கச் சொன்னது' என்று கேட்டால்? இவ்வளவும் அந்த ஒரு நொடியில் மனதில் ஓடியது. அதனால் பாதியை மட்டும் சொன்னேன். ஆபத்தைப் பாதியாகச் சொன்னால் கேட்கிறவருக்கு அது தொந்தரவாகத்தான் தெரியும். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

கம்பெனி வாசலுக்கு வந்தபோது கட்டடம் எப்போதும் போல இருந்தது. புகை இல்லை, மெஷின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவ்வளவு நிம்மதி எனக்கு வேறு என்றைக்கும் வந்ததில்லை. படியேறினேன்.

கலாமணியின் அறை, கட்டிங் செக்‌ஷன் மூலையில் பிளைவுட் தடுத்த சின்ன இடம். அவள் அங்கே இல்லை. லேப்டாப் மேசையில் இருந்தது. அதன் மேல் இரண்டு இரும்புக் குண்டு. துணியை வெட்டும்போது நகராமல் இருக்க மேலே வைப்பார்களே, அது. சார்ஜர் சொருகியபடியே இருந்தது. இரண்டு குண்டு வைத்தும் மூடி ஒரு விரல் அகலம் பிளந்து நின்றது. கிட்டே போனதும் ஒரு இனிப்பான நெடி, நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தால் வருமே, அதுபோல. மேசைக்குப் பின்னால் இடுப்பு உயரத்துக்குத் துணி ரோல்கள். மேசைக்கு அடியிலும் துணி.

சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். வயரைப் பிடுங்கினேன். குண்டு ஒன்றை இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கினேன். 'டொக்' என்றது. நான் எதிர்பார்த்ததுதான், இருந்தும் கையில் இருந்த குண்டைத் தவறவிட இருந்தேன். இரண்டாவது குண்டையும் எடுத்தேன். பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். நல்ல சூடு.

அப்போது கலாமணி உள்ளே வந்தாள். "வந்துட்டீங்களா அக்கா, சாயங்காலம்னீங்க" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இதுல இருக்கறதெல்லாம் வேற எங்கயாச்சும் இருக்குதா கண்ணு?"

"போன மாசம் வரைக்கும் பென் டிரைவ்ல இருக்குதுங்க. இந்த ஆர்டருது இதுல மட்டுந்தானுங்க. நாளைக்குக் காலைல கட்டிங்."

அவளுக்குப் பின்னால் முதலாளியும் வந்துவிட்டார். நான் ஓடி வந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிளந்து நின்ற மூடியைப் பார்த்தார். அவருக்கும் விஷயம் கொஞ்சம் புரிந்தது.

"ஏனுங்க அக்கா, ஒரு பத்து நிமிசம் ஆன் பண்ணி காப்பி எடுத்துக்கலாமுங்களா? பத்து நிமிசந்தான். இது போச்சுன்னா சரக்கு கப்பலுக்குப் போய்ச் சேராதுங்க."

இருபத்தேழு வருடமும் நான் பிழைத்தது அந்தப் பத்து நிமிடத்தில்தான். முதலில் டேட்டாவை எடு, பிறகு மெஷினைப் பார் என்பதுதான் நம் வேலை. என் கை தானாகவே மூடியின் விளிம்புக்குப் போனது. ஆன் செய்திருந்தால் ஒருவேளை வந்திருக்கும். ஒருவேளை எல்லாம் காப்பி ஆகி, எல்லாரும் கை தட்டியிருப்பார்கள். இன்றைக்கும் எனக்கு அது தெரியாது. மேல்மாடியில் மெஷின்கள் ஓடுகிற அதிர்வு மேசையில் தெரிந்தது. கையை எடுத்துவிட்டேன்.

"வேண்டாமுங்க. இது இங்க இருக்கக் கூடாது. கீழ கொண்டு போகோணும். உடனே."

"அக்கா, ஆறு நாள் வேலைங்க" என்றாள் கலாமணி.

"தெரியுது கண்ணு."

டீ கொண்டு வருகிற எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று ஜன்னலோரம் இருந்தது. அதை லேப்டாப்புக்கு அடியில் கொடுத்து, அசங்காமல் ஏற்றினேன். கட்டிங் டேபிளில் ஒடிசாக்காரர் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார், பிகாஷ் என்று பெயர். அவரிடம் எனக்கு எதையும் விளக்கத் தெரியவில்லை. தாம்பாளத்தைக் காட்டி, படிக்கட்டைக் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஹடோ! ஹடோ!" என்று விலகச் சொல்லிக் கத்திக்கொண்டே முன்னால் ஓடி, படியில் இருந்த துணிக்கட்டுகளைக் காலால் தள்ளி வழி செய்தார்.

இருபத்திரண்டு படி. எண்ணிக்கொண்டே இறங்கினேன், எண்ணாவிட்டால் ஓடியிருப்பேன். பதினாறாவது படியில் சத்தம் மாறியது. டொக் இல்லை. உஸ்ஸ் என்று, குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் வருமே, அந்தச் சத்தம்.

நடுப்படியில் அதைப் போட முடியாது. போட்டால் மேலே இருக்கிறவர்களுக்கு இறங்க வழி கிடையாது. மிச்சப் படிகளை எப்படி இறங்கினேன் என்று சத்தியமாகத் தெரியாது. வாசலைத் தாண்டி, வேன் நிற்கிற இடத்தையும் தாண்டி, காம்பவுண்டு மூலையில் வெறும் சிமெண்ட் தரையில் தாம்பாளத்தை வைத்தேன். பிகாஷ் என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பத்தடி வந்திருப்போம். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது, பிறகு நெருப்பு. பட்டாசு போல இரண்டு மூன்று வெடி. தீயணைக்க வைத்திருந்த மணல் வாளிகளை பிகாஷ் தூரத்திலிருந்தே வீசினார். அது எரிந்து அடங்குவதற்கு ரொம்ப நேரம் ஆனது.

இந்த இடத்தில் நீங்கள் என்னைப் பாராட்டக் கூடாது. நான் செய்தது சரியான வழி இல்லை. சூட்டையும் நெடியையும் பார்த்ததுமே மணியை அடித்து எல்லாரையும் கீழே இறக்கியிருக்க வேண்டும். அது படியில் இருக்கும்போதே தீப்பிடித்திருந்தால், இருக்கிற ஒரே வழியை நானே அடைத்திருப்பேன். உஸ் என்ற சத்தம் கேட்ட பேட்டரியைக் கையால் தூக்காதீர்கள். ஆளை வெளியே அனுப்பிவிட்டு ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லுங்கள். எனக்கு நேரம் நல்லதாக இருந்தது. அதை வேலைத் திறமை என்று கணக்கு வைத்துக்கொள்ள முடியாது.

ஆனால் அன்றைக்கு எல்லாரும் பாராட்டினார்கள். முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, நீங்க மட்டும் வரலீன்னா எத்தனை உசுரு..." என்றார். பையர் ஆள் எரிந்த லேப்டாப்பை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, என் கையையும் குலுக்கினார். யாரோ நாற்காலி கொண்டு வந்து போட்டார்கள். டீ கொடுத்தார்கள்.

முதலாளி பயம் தெளிந்ததும் கலாமணி பக்கம் திரும்பினார். அவர் கெட்டவர் இல்லை. பயந்த மனுசன் யார்மேலாவது பாய வேண்டுமில்லையா?

"அத்தனை கனத்தை லேப்டாப்பு மேல வெச்சிருக்கறயே, அறிவிருக்குதா உனக்கு? சின்னப் புள்ளைகூடச் செய்யாதே! உன்னய நம்பி அத்தனை பேரு மேல இருக்கறாங்க!"

நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கலாமணி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். அதில் கோபம்கூட இல்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் டீ டம்ளரைப் பார்த்தேன்.

"தப்புங்க" என்று சொல்லிவிட்டு அவள் மேலே போய்விட்டாள்.

நான் டீயைக் குடித்து முடித்தேன். அது எப்படி இறங்கியது என்று கேட்காதீர்கள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: எல்லாரும் பதட்டமாக இருக்கிறார்கள், இப்போது சொன்னால் குழப்பம்தான் கூடும், நாலு நாள் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம், அவளும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள். அன்றைக்கு மீதமிருந்த வேலைகளையும் போய்ப் பார்த்தேன். இரண்டு இடத்தில் செய்தி எனக்கு முன்னாலேயே போயிருந்தது. "உங்களைத்தானுங்க பேசிட்டிருந்தோம்" என்றார்கள். வந்த வேலையை மட்டும் பார்த்தேன். வீட்டில் வந்து சோற்றில் கை வைத்தபோது, உள்ளங்கைகள் இரண்டிலும் தாம்பாளத்தின் சூடு பட்டுச் சிவந்திருப்பதைப் பார்த்தேன். அதுவரை எரிச்சல்கூடத் தெரியவில்லை.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு மண்ணரைக்குப் போனேன். முதலாளி ஆபீஸ் அறையில் தனியாக இருந்தார். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை. நேற்று ஃபோனில் அவள் என்ன சொன்னாள், நான் என்ன சொன்னேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆஃபில் இருக்கும்போது சத்தம் வந்ததை அவள் சொன்னாள், நான் காதில் வாங்கவில்லை. குண்டு வைக்கச் சொன்னது நான். சார்ஜில் போடச் சொன்னதும் நான்.

அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"தப்பு நடக்கறதுதானுங்க அக்கா. அதுக்கு நான் ஒன்னும் சொல்லமாட்டன். நேத்து அந்தப் புள்ளைய நான் அத்தனை பேரு முன்னாடி பேசினப்ப நீங்க அங்கதானுங்க உக்காந்திருந்தீங்க?"

"ஆமாங்க."

"அப்பவே ஏனுங்க சொல்லல?"

எத்தனையோ யோசித்து வைத்துக்கொண்டு போனவள், அந்தக் கேள்விக்கு மட்டும் யோசிக்கவில்லை. "பயமா இருந்துச்சுங்க" என்றேன். அதுதான் உண்மை.

அவர் எழுந்து மேலே போனார். நானும் பின்னால் போனேன். கட்டிங் செக்‌ஷன் ஆட்கள் எல்லாரும் இருக்கும்போது, "கலாமணி, நேத்து நான் பேசினது தப்பும்மா. உம்மேல ஒரு குத்தமும் இல்லை. அக்கா எல்லாஞ் சொன்னாங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவான குரலில், "இனி சர்வீஸுக்கு வேற ஆளைப் பாத்துக்கறனுங்க அக்கா. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். இருபது வருடப் பழக்கம். நான் தலையாட்டினேன். தப்பாக நினைக்க எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

கலாமணி நீளமான கட்டிங் மேசையில் பிரவுன் பேப்பரை விரித்து, கையால் பேட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தாள். பையர் அனுப்பிய அளவுப் பட்டியலும், ஏற்கெனவே தைத்து அனுமதி வாங்கிய மாதிரி உடுப்புகளும் பக்கத்தில் இருந்தன. கண் வீங்கியிருந்தது. ராத்திரி வீட்டுக்குப் போனாளா இல்லையா என்று தெரியவில்லை. முதலாளி சொன்னதற்கு "சரிங்க" என்று மட்டும் சொன்னாள். கோடு போடுவதை நிறுத்தவில்லை.

நான் அவள் எதிரே போய் நின்றேன். "கண்ணு, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"குண்டு வெக்கச் சொன்னதுகூடப் பரவால்லீங்க அக்கா" என்றாள், பேப்பரைப் பார்த்தபடியே. "உங்களுக்கு ஆயிரம் வேலை, ஏதோ நெனப்புல சொல்லிட்டீங்க. நான் மூணு நாளா அந்தச் சத்தத்தக் கேட்டுக் கேட்டு, எப்ப வருது, எப்ப வரலைன்னு பாத்து வெச்சுத்தான் உங்களுக்கு ஃபோன் பண்ணினேன். அதச் சொல்லக்கூட விடலீங்களே நீங்க."

மன்னிப்பு கேட்பதற்கு நான் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் இந்தப் பேச்சுக்குப் பொருந்தவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே அளவு டேப்பை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

"அளந்து சொல்றீங்களா? ஒத்தையாளா அளந்து எழுதறதுக்கு நேரமாகுதுங்க."

கடையைத் திறக்கவில்லை அன்றைக்கு. ஃபோனை அணைத்துப் பையில் போட்டேன். உள்ளங்கையில் டேப் உரசும்போதெல்லாம் எரிந்தது. நான் உடுப்பை விரித்து அளந்து சொல்லச் சொல்ல, அவள் பட்டியலோடு சரிபார்த்துக் கோடு போட்டாள். அந்தக் கோட்டில் பிகாஷ் பேப்பரை வெட்டினார். மதியம் துணி விரிக்க ஆரம்பித்தார்கள். எல்லாம் வெட்டி முடிக்க ஒன்றரை நாள் தாமதம். சரக்கு கப்பலுக்குப் போய்ச் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். நாங்கள் இருவரும் அளவைத் தவிர வேறு எதையும் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாவது சைஸுக்கு வந்தபோது, உடுப்பின் கை நீளத்தை ஏழரை இஞ்ச் என்று சொன்னேன்.

கலாமணி பென்சிலை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். "இருக்காதுங்க அக்கா. மறுக்கா அளங்க."

இத்தனை வருடப் பழக்கத்தில் 'நான் பாத்துட்டுத்தான் சொல்றேன்' என்று நாக்கு நுனிக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு துணியைச் சுருக்கமில்லாமல் நீவி, டேப்பைத் தையலில் இருந்து தையலுக்கு வைத்து, மறுபடி அளந்தேன்.

ஏழு.